மார்ச்ல குரங்கணி - கொழுக்குமலை ஏறலாமா? தீ நிலவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

சென்னைநடையன் | மார்ச் 5, இரவு 10:14

எல்லாருக்கும் வணக்கம். நானும் ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸும் சேர்ந்து 8 பேர் வர்ற சனி ஞாயிறு குரங்கணில இருந்து கொழுக்குமலைக்கு நடந்தே ஏறலாம்னு பிளான், தேனிக்கு பஸ் டிக்கெட்டும் போட்டாச்சு. இப்ப பார்த்தா வனத்துறையோட ட்ரெக் தமிழ்நாடு சைட்ல பிப்ரவரி 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் ட்ரெக்கிங் கிடையாதுனு இருக்கு. விசாரிச்சதுல ஒருத்தர் "செக்போஸ்ட் பக்கமே போக வேணாம், எனக்கு வேற பாதை தெரியும், ஆளுக்கு 1500 குடுங்க" அப்படிங்குறாரு. 2018-ல அங்க காட்டுத்தீல ட்ரெக்கிங் போனவங்க செத்தது தெரியும். ஆனா அது என்னைக்கோ ஒரு நாள் நடந்த விபத்து, நாங்க சிகரெட் கூட பிடிக்க மாட்டோம், அடுப்பு எடுத்துட்டு போகல, காலைல ஏறி மறுநாள் இறங்கிருவோம். போகலாமா? அங்க இப்ப நிஜமாவே தீ இருக்கா?

போடிக்காரன் | மார்ச் 5, இரவு 11:02

தம்பி, டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க. இத முதல்ல சொல்லிட்டு மத்தத சொல்றேன்.

2018 மார்ச் 11 ஞாயித்துக்கிழமை. அவங்களும் நீங்க சொன்ன மாதிரியேதான், முந்தின நாள் ஏறி மேல தங்கிட்டு மறுநாள் எறங்கிட்டு இருந்தாங்க. சென்னைல இருந்து வந்தவங்க ஒரு குரூப்பு, அதுல பொம்பளப்புள்ளைக தான் அதிகம், ஈரோடு திருப்பூர் பக்கம் இருந்து வந்தவங்க இன்னொரு குரூப்பு. அவங்க யாரும் தீ வைக்கல. தீ கீழ இருந்து ஏறுச்சு, புல்லு ஆள் ஒசரத்துக்கு காஞ்சு நின்னுச்சு, காத்து அன்னைக்கு பேய் மாதிரி அடிச்சுச்சு. சாயங்காலம் போன் வந்து நாங்க போடில இருந்து வண்டி எடுத்துட்டு போனப்ப குரங்கணி ஊர்க்காரங்களும் எஸ்டேட்டு ஆளுங்களும் ஏற்கனவே மேல ஏறி ஆள தூக்கிட்டு வந்துட்டு இருந்தாய்ங்க. ஸ்ட்ரெச்சர் எங்கிட்டு இருக்கு, போர்வையில நாலு மூலைய புடிச்சு அந்த சரிவுல இருட்டுக்குள்ள எறக்குனாங்க. போர்வை ஒடம்புல ஒட்டிரும்னு ஒரு பாட்டி வீட்ல இருந்து வாழ இலைய வெட்டியாந்து குடுத்துச்சு. அந்த ரோட்டுல நின்ன ஆம்புலன்ஸ் வெளிச்சத்த இன்னைக்கு நெனைச்சாலும் எனக்கு தூக்கம் வராது.

அன்னைக்கு 9 பேரு. அப்புறம் ஆஸ்பத்திரில ஒவ்வொருத்தரா போயி மொத்தம் 20-க்கு மேல. எல்லாம் உங்க வயசுதான் தம்பி.

நெலவரம் கேட்டீங்க. மழை நின்னு மாசம் ஆச்சு, மலை மஞ்சளா கெடக்கு. ரெண்டு நாளா ராத்திரி எங்க மொட்ட மாடில இருந்து பார்த்தா மலைல செவப்பா ஒரு கோடு தெரியுது.

சென்னைநடையன் | மார்ச் 6, காலை 8:20

அண்ணே படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. நான் விபத்துனு லேசா சொன்னது தப்புதான். ஒரு சந்தேகம் மட்டும், தீ தூரத்துல தெரியும்போதே வேகமா மேல ஏறி தப்பிக்க முடியாதா, 7000 அடிக்கு மேல தேயிலைத் தோட்டம் வந்துருதே?

மலைநடை_கோவை | மார்ச் 6, காலை 9:41

நண்பா இந்தக் கேள்விக்கு நின்னு பதில் சொல்லணுமுங்க, ஏன்னா மாட்டிக்கிட்ட யாரா இருந்தாலும் முதல்ல தோணுறது இதுதான், மேல ஓடுறது.

தீ சமதளத்துல போற வேகம் வேற, சரிவுல ஏறுற வேகம் வேற. ஏறுறப்ப தீநாக்கு முன்னாடி இருக்கிற புல்லு மேலயே சாஞ்சு நிக்கும், அந்த சூட்டுலயே புல்லு காஞ்சு ரெடியா இருக்கும், பட்டதும் பத்திக்கும். சரிவு 10 டிகிரி கூடுனா தீயோட வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு தீயணைப்புக்காரங்க ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. 30 டிகிரி சரிவுல பை மாட்டிக்கிட்டு ஏறுற மனுசனால அத ஜெயிக்கவே முடியாதுங்க. பகல்ல வெயில் ஏற ஏற காத்தும் பள்ளத்தாக்குல இருந்து மேல பாத்துதான் அடிக்கும், அதுவும் தீக்குத்தான் துணை. ரெண்டு மலைக்கு நடுவுல ஓடை மாதிரி இடுக்கு இருக்குமே, அது புகைபோக்கி மாதிரி இழுக்கும், அதுக்குள்ள ஒதுங்கவே கூடாது.

அப்ப எங்க போறது? பக்கவாட்டுல, தீயோட ஓரத்தை நோக்கி, இல்ல கீழ. ஏற்கனவே எரிஞ்சு கருகுன இடம் கண்ணுல பட்டா அதுதான் இருக்கிறதுலயே பாதுகாப்பு, அங்க எரிய ஒண்ணும் மிச்சம் இல்ல. இல்லைன்னா பெரிய பாறைத்தட்டு, வெறும் மண்ணு, ஓடுற தண்ணி. நைலான் பாலியஸ்டர் சட்டை உருகி தோலோட ஒட்டிக்கும், நம்ம ட்ரெக்கிங் டிரஸ் பூரா அதுதானுங்க. தோள்ல இருக்குற பைய கழட்டி வீசிட்டு போங்க, கேஸ் சிலிண்டர் இருந்தா அத தூர எறியுங்க. புகை வந்தா குனிஞ்சு தரையோட போகணும், நல்ல காத்து கீழதான் இருக்கும். சிக்னல் இருந்தா 112 இல்ல 101.

இத்தனையும் தெரிஞ்சவங்களும் செத்துப்போயிருக்காங்க, அதையும் சொல்லிடறனுங்க.

நேர்ப்பேச்சு | மார்ச் 6, காலை 11:15

எல்லாம் சரி, ஆனா எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கு. அதே கொழுக்குமலைக்கு கேரளா பக்கம் சூரியநெல்லில இருந்து ஜீப்ல விடிகாலைல கூட்டம் கூட்டமா போறாங்க. வெள்ளியங்கிரி சீசனே பிப்ரவரில இருந்து மே வரைக்கும்தான், ஏழு மலையும் வெயில் காலத்துலதான் மக்கள் ஏறுறாங்க. சதுரகிரிக்கு பிரதோஷம் அமாவாசை பௌர்ணமினு ஆயிரக்கணக்குல போறாங்க. நடைபயணம் போறவன மட்டும் ரெண்டு மாசம் நிறுத்துனா தீ வராதா? 2018-க்கு அப்புறம் மலையேற்றத்துக்குனு தனியா விதிமுறை போட்டாங்க, வழிகாட்டி, அனுமதி எல்லாம் வந்துச்சு, நல்ல விஷயம். ஆனா மூடுறது சுலபம், மூடிட்டா வேலை முடிஞ்சதுனு நெனைக்கிற மனநிலை வந்துருமோனு பயமா இருக்கு.

போடிக்காரன் | மார்ச் 6, மதியம் 12:30

@நேர்ப்பேச்சு சார், ஜீப்பு போறது ரோடு, தீ வந்தா வண்டிய திருப்பலாம். குரங்கணிப் பாதைல பாதி தூரத்துல மாட்டுனா முன்னாடியும் பின்னாடியும் புல்லு. கோயிலுக்கு போற கூட்டத்துக்கு வழி நெடுக ஆள் போட்டிருக்காங்க, சதுரகிரில காட்டுத்தீனா அன்னைக்கே ஏற விடமாட்டாங்க, மேல போனவங்களையும் தீ அடங்குற வரைக்கும் எறக்க மாட்டாங்க. இருந்தாலும் நீங்க கேட்டது நியாயமான கேள்விதான், வெயில்ல ஏறுற கூட்டம் எந்த மலைல இருந்தாலும் ஆபத்து ஆபத்துதான்.

வாச்சர்மகள் | மார்ச் 6, மதியம் 2:05

நான் இங்க எழுதுறது இதான் முதல் தடவ. எங்கப்பா 14 வருஷமா வனத்துறைல தற்காலிக வாச்சர், காட்ட காவல் காக்குற வேலை. எந்த கோட்டம்னு சொல்லல, சொன்னா அவருக்கு சங்கடம்.

மூடிட்டா வேலை முடிஞ்சதுனு நேர்ப்பேச்சு அண்ணன் எழுதிருந்தாங்க. எங்க வீட்ல மூடுன அன்னைக்குதான் வேலை ஆரம்பிக்கும். அதுக்கும் முன்னாடி, பொங்கல் முடிஞ்ச கையோட தீத்தடுப்பு கோடு வெட்டப் போயிருவாங்க, மலை முகட்டோரமா புல்ல நீளத்துக்கு செதுக்கி, பனி ஈரம் இருக்குற காலைல அந்த புல்ல கொஞ்சம் கொஞ்சமா எரிச்சு வெறும் தரையாக்குவாங்க. தீ வந்தா அந்தக் கோட்டுல வந்து நிக்கணும். நிக்கும், காத்து இல்லைனா. காத்து இருந்தா பொறி பறந்து கோட்ட தாண்டி விழுந்துரும், அப்ப திரும்பவும் முதல்ல இருந்து.

தீய எப்படி அணைப்பாங்கனு நெறைய பேர் தண்ணி வண்டி ஹெலிகாப்டர்னு நெனைக்கிறாங்க. பச்சைத் தழை. நல்ல இலை அடர்த்தியா இருக்குற கொப்ப ஒடிச்சு அடிச்சு அணைக்கிறதுதான். இப்ப சில இடத்துல இலைய ஊதித் தள்ளுற மிஷின் குடுத்துருக்காங்க, முதுகுல மாட்டிக்கிட்டு போகணும், அது நல்லா வேலை செய்யுதுனு அப்பா சொல்வாரு, ஆனா பெட்ரோலையும் சேர்த்து தூக்கிட்டு ஏறணும். பெரிய தீனா எதுத்தாப்புல இருந்து இன்னொரு தீ வெச்சு ரெண்டையும் மோத விடுவாங்க. அதுக்கு காத்து தெரிஞ்ச ஆள் வேணும், தப்புனா வெச்சவங்களையே சுத்திரும். மதியத்துல தீ முன்னாடி போயி நிக்கமாட்டாங்க, சாயங்காலம் காத்து எறங்குனப்புறம், ராத்திரி, விடியக்காலைதான். இருட்டுல எரியுற மரம் முறிஞ்சு விழும், சூடு தாங்காம கல்லு உருண்டு வரும், யானை எங்க நிக்குதுனு தெரியாது.

2020 பிப்ரவரில கேரளால திருச்சூர் பக்கம் கொட்டம்பத்தூர்ல தீ அணைக்கப் போன 3 வாச்சருங்க எறந்துட்டாங்க. நியூஸ் வந்த அன்னைக்கு எங்கம்மா டிவிய அமத்திட்டு வாசல்லயே உக்காந்துருந்துச்சு, அப்பா அப்ப மலைல.

அப்பாவுக்கு செருப்புதான். போன சீசன்ல அடி உருகி, கணுக்கால் வரைக்கும் கொப்புளத்தோட வந்தாரு. சம்பளம் சில மாசம் தள்ளித் தள்ளி வரும். நீங்க பூட்டுன பாதைல ரகசியமா போனீங்கனா, தீ வந்தா உங்கள தேடி உள்ள எறங்கப் போறது இவங்கதான். அத மட்டும் நெனைச்சுக்கோங்க அண்ணா.

நேர்ப்பேச்சு | மார்ச் 6, மதியம் 2:40

தங்கச்சி, நான் எழுதுனத வாபஸ் வாங்கிக்கிறேன். மூடுனதுக்குப் பின்னாடி இவ்ளோ வேலை நடக்குதுனு எனக்குத் தெரியாது.

வரைபடப்பித்தன் | மார்ச் 6, மாலை 4:18

தீ இருக்கா இல்லையானு யாரையும் கேக்காம நாமளே பாக்க ஒரு வழி இருக்கு. இந்திய வன ஆய்வு நிறுவனம் வன் அக்னினு ஒரு தளம் வெச்சிருக்காங்க, சாட்டிலைட்ல எங்கெல்லாம் சூடு பதிவாகுதோ அத மேப்ல புள்ளியா காட்டுவாங்க, நம்ம மாவட்டத்த குடுத்து பதிவு பண்ணா எஸ்எம்எஸ்ஸும் வரும், வனத்துறை ஆளா இருக்கணும்னு இல்ல, யாரும் பண்ணலாம். ஆனா அத நம்பி "புள்ளி இல்ல, அப்ப தீ இல்ல"னு மட்டும் முடிவு பண்ணிராதீங்க. அதுல விஐஐஆர்எஸ்னு ஒரு சென்சார், ஒரு புள்ளிங்குறது தரைல 375 மீட்டர் சதுரம், அந்த சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல வர்றது மதியம் ஒண்ணரை மணி வாக்குல, திரும்ப ராத்திரி ஒண்ணரை வாக்குல. மதியம் ரெண்டு மணிக்கு மேல பத்துன தீ எத்தனை மணி நேரம் கழிச்சு தெரியும்னு கணக்கு போட்டுக்கோங்க. மேகம் இருந்தாலும் தெரியாது. சாட்டிலைட் சொல்றதுக்கு முன்னாடி மாடு மேய்க்கிறவர் சொல்லிருவாரு, அதுதான் நான் பாத்த வரைக்கும் உண்மை.

மலைமாட்டுக்காரன் | மார்ச் 6, மாலை 6:50

மாடு மேய்க்கிறவன பத்தி ஒருத்தராவது நல்லதா சொன்னீங்களே, சந்தோசம். எங்க தாத்தா காலத்துல இருந்து மலைமாட்டு கிடை. தேனி மாவட்டத்துல எங்க தீ புடிச்சாலும் முதல்ல எங்க மேலதான் பழி விழும், புது புல்லு மொளைக்கணும்னு தீ வைக்கிறாய்ங்கனு. வச்சவன் இருந்துருக்கான், நான் இல்லைனு பொய் சொல்லமாட்டேன். ஆனா ஒண்ண யோசிங்க. 2022-ல ஐகோர்ட்டு காட்டுக்குள்ள மாடே மேய்க்கக் கூடாதுனு சொல்லி, அப்புறம் அத புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காக்குள்ள மட்டும்னு மாத்துனாங்க. மேகமலை 2021-லயே புலிகள் காப்பகம் ஆயிருச்சு. மாடு உள்ள போகாம நின்ன எடத்துல எல்லாம் போதைப்புல்லுனு சொல்ற காட்டுப்புல்லு இடுப்புக்கு மேல நிக்குது. மாடு தின்னுருந்தா கணுக்கால் ஒசரம்தான் இருக்கும், தீ வந்தாலும் ஒரு குச்சில அடிச்சு அணைக்கலாம். எங்க கால் பட்டு பட்டு இருந்த தடமே தீக்கோடு மாதிரி கெடந்துச்சு, இப்ப அதுவும் மூடிருச்சு.

தாளவாடிக்காரி | மார்ச் 6, இரவு 8:33

அண்ணா சொல்றதுல நெசம் இருக்குங்க. எங்க பக்கம் சோளகர் பழங்குடிப் பெரியவங்க தரகு பெங்கினு சொல்வாங்க, தரகுனா சருகு, பெங்கினா தீ. கோடை முத்துறதுக்கு முன்னாடியே தரைல கெடக்குற சருகுக்கு மட்டும் சின்னதா தீ வெப்பாங்க, அது முட்டிக்கு மேல எழும்பாது, மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. அத நிறுத்துனப்புறம்தான் உண்ணிச்செடி இப்படி காடு பூரா அடைச்சுதுன்னு சொல்றாங்க. உண்ணிச்செடி புதர்ல ஏறுன தீ மரத்துமேல தாவிருங்க. மூணாறு பக்கத்துல இரவிகுளத்துல வரையாட்டுக்காக முதுவர் பழங்குடி மக்கள வெச்சு வனத்துறையே புல்வெளிய பகுதி பகுதியா எரிக்கிறாங்களே, அங்க பண்ணலாம்னா இங்க ஏன் கூடாதுங்க?

மலைநடை_கோவை | மார்ச் 6, இரவு 9:10

@தாளவாடிக்காரி அக்கா, பண்ணலாம், ஆனா எல்லாக் காட்டுக்கும் ஒரே மருந்து இல்லைங்க. புல்வெளி எரிஞ்சா மழைக்கு திரும்ப வந்துரும். சோலைக்காடு அப்படி இல்ல, அது ஈரத்துலயே வளந்த காடு, ஓரத்துல வருஷா வருஷம் தீ கடிச்சு கடிச்சு உள்ள சுருங்கிக்கிட்டே போகும், ஒரு தடவ போனா நம்ம ஆயுசுல வராதுங்க. @மலைமாட்டுக்காரன் அண்ணா, மாடு புல்ல குறைக்கும்ங்கிறத ஒத்துக்கறேன், ஆனா மாடு போன காட்டுல கடமானுக்கு மேய்ச்சல் இல்லாம போறதும், மாட்டு வியாதி காட்டெருமைக்கு தொத்துறதும் இருக்கு. எந்தக் காடு, எத்தன மாடு, எந்த மாசம்னு உக்காந்து பேசி முடிவு பண்ண வேண்டிய விஷயம்.

மலைமாட்டுக்காரன் | மார்ச் 6, இரவு 9:26

பேசக் கூப்புட்டா வர்றோம் தம்பி. கூப்புடத்தான் ஆள் இல்ல.

பூம்பாறைவீடு | மார்ச் 7, காலை 7:55

கொடைக்கானல் மேல்மலைல இருந்து எழுதுறேன், இங்க வீட்ல ரெண்டு ரூம் வாடகைக்கு விடுறோம். 2024 ஏப்ரல் கடைசில பூம்பாறை மன்னவனூர் பக்கம் நாள் கணக்கா எரிஞ்சது ஞாபகம் இருக்கும், மன்னவனூர் ரோட்டையே டூரிஸ்டுக்கு மூடினாங்க. எங்களுக்கு சீசன் வருமானம் போச்சு, ஆனா அந்தப் புகைக்குள்ள வண்டி வந்து நின்னுருந்தா என்ன ஆயிருக்கும்னு நேர்ல பாத்தவங்களுக்கு தெரியும், பத்தடிக்கு முன்னாடி ரோடு தெரியல.

நான் சொல்ல வந்தது வேற. எரிஞ்சதுல நிறைய இடம் காப்புக்காடே இல்ல, பட்டா நிலம். வெளியூர்க்காரங்க வாங்கிப் போட்டுட்டு எட்டிப் பாக்காம விட்ட நிலத்துல புல்லும் சீகை மரமும் மண்டிக் கெடக்கு. ஒருத்தர் நிலத்த சுத்தம் பண்றேன்னு மத்தியான வெயில்ல குப்பைய கொளுத்துவாரு, பக்கத்து நிலத்துக்கு போயி அங்க இருந்து காட்டுக்குள்ள போயிரும். காப்புக்காட்டுக்குள்ள தீ வைக்கிறது 1882 வனச்சட்டத்துல இருந்தே குற்றம், ஆனா தன் நிலத்துல வைக்கிறவருக்கு அது குத்தம்னே தோணுறதில்ல. மலைல நிலம் வாங்கிருக்க யாராவது இத படிச்சா, வேலிய சுத்தி ஜனவரிலயே புல்ல செதுக்கி விடுங்க, எரிக்காதீங்க, எரிச்சே ஆகணும்னா வனத்துறைக்கு சொல்லிட்டு ஆள் தண்ணி வெச்சுக்கிட்டு விடியக்காலைல பண்ணுங்க.

புதியவன்_மதுரை | மார்ச் 7, காலை 10:22

ஹெலிகாப்டர்ல தண்ணி ஊத்துறாங்களே, வருஷா வருஷம் எரியுதுனு தெரிஞ்சும் ஏன் அத நிரந்தரமா மலையடிவாரத்துல நிப்பாட்டக் கூடாது?

வரைபடப்பித்தன் | மார்ச் 7, காலை 11:04

2019 பிப்ரவரில பந்திப்பூர் எரிஞ்சப்ப விமானப்படை ஹெலிகாப்டர் வந்துச்சு, 2024 மார்ச்ல குன்னூருக்கு சூலூர்ல இருந்து எம்ஐ-17 வந்துச்சு, அடியில ஒரு பெரிய வாளி தொங்கும், ஏரில முக்கி எடுத்துட்டு வந்து ஊத்தும். குன்னூர்ல 16000 லிட்டர் ஊத்துனதா விமானப்படை சொன்னாங்க. சென்னைல ஓடுற 12000 லிட்டர் தண்ணி லாரி ரெண்டு கூட முழுசா ஆகல. ஆள் ஏற முடியாத செங்குத்து சரிவுல தீயோட தலைய அமுக்க அது ரொம்ப உதவும், வேணாம்னு சொல்லல. ஆனா ஊத்திட்டு போனதும் கட்டைக்குள்ள கனிஞ்சுக்கிட்டு இருக்கிற தீய கிளறி அணைக்க ஆள் நடந்து போனாத்தான் உண்டு. அடிக்குற காத்துல, புகைல ஹெலிகாப்டரும் கிட்ட வர முடியாது. என்னைக் கேட்டா முதல் காசு வாச்சருக்குத்தான் போகணும்.

சென்னைநடையன் | மார்ச் 7, மதியம் 1:15

டிக்கெட் கேன்சல் பண்ணிட்டேன். 1500 கேட்டவர்கிட்ட வர்லனு சொன்னதுக்கு "உங்களுக்கு பதிலா வேற டீம் ரெடியா இருக்கு"னு சொன்னாரு. அத கேட்டதுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியல, அவர் நம்பரையும் நாளையும் சொல்லி அங்க இருக்க வன அலுவலகத்துக்கு போன் பண்ணிட்டேன். அந்த டீம் யாருன்னு தெரியல, அவங்களும் இங்க வந்து படிச்சா நல்லாருக்கும்.

வாச்சர்மகள் தங்கச்சி, கேக்கத் தயக்கமா இருக்கு, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க எட்டு பேர் பஸ் காசும் ரூம் காசும் திரும்ப வந்துருக்கு. அப்பாவுக்கும் கூட வேலை செய்றவங்களுக்கும் ஷூ வாங்கி அனுப்பலாமா? எந்த மாதிரி வேணும்னு எங்களுக்குத் தெரியாது.

வாச்சர்மகள் | மார்ச் 9, இரவு 9:47

ரெண்டு நாளா வர முடியல, அப்பா நேத்து ராத்திரிதான் வந்தாரு, அஞ்சு நாள் கழிச்சு. கண்ணு ரெண்டும் செவந்து இருந்துச்சு, சாப்டுட்டே தூங்கிட்டாரு. தீ இப்போதைக்கு அடங்கிருச்சாம், முகட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் புகை இருக்காம். நாளைக்கு திரும்பப் போறாரு.

நீங்க எழுதுனத காலைல அவருக்கு படிச்சு காமிச்சேன். ரெண்டு தடவ படிக்கச் சொன்னாரு. பசங்க வராம இருந்ததே போதும்னு சொல்லு அப்படின்னாரு. நான்தான் விடல. கேட்டு எழுதி வெச்சிருக்கேன், கணுக்கால் மூடுற தோல் ஷூ, அடி தடிமனா, ரப்பர் ஒட்டுனது இல்லாம தச்சதா இருந்தா நல்லது, நைலான் வேணாம். 8-ம் நம்பர் மூணு ஜோடி, 7 ரெண்டு, 9 ஒண்ணு. முடிஞ்சா பருத்தி காலுறை. அட்ரஸ் தனியா அனுப்புறேன்.

போடிக்காரன் | மார்ச் 9, இரவு 10:08

பாப்பா, பார்சல என் கடைக்கு அனுப்பச் சொல்லு, வீட்டு அட்ரஸ் எதுக்கு வெளிய குடுக்கணும். நான் கொண்டாந்து தர்றேன். 9-ல இன்னொரு ஜோடி நான் வாங்கிர்றேன், கூட ரெண்டு 5 லிட்டர் தண்ணிக் கேனும்.